யாழ்ப்பாணம் போகும் பஸ்

ஒவ்வொரு சீட்டிலும் உட்கார்ந்து எழுந்தாள்.

ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை.

“கையில அசைச்சுப் பாத்தாப் போதாதுங்களாக்கா?” என்று சிரித்தான் சூப்பர்வைசர் குமரேசன்.

போதும்தான். உள்ளூரில் ஓடும் வண்டிகளுக்கு அவளும் அப்படித்தான் பார்ப்பாள். இவை கரூரில் பாடி கட்டி, கப்பலேறி யாழ்ப்பாணம் போகிறவை.

இரண்டு அரசுகளும் கைகுலுக்கியாயிற்று. நட்புறவு என்று பேப்பரில் படம் போட்டிருந்தார்கள். நல்ல விஷயம். பஸ்ஸுக்கு ஒரு சீல் குத்தினால் கடல் தாண்டிவிடும்.

அவளுக்கு அப்படியில்லை. அங்கிருந்து இங்கே அகதி முகாமுக்கு வந்தபோது பாவாடை சட்டை. இப்போது பேத்தி இருக்கிறாள். ஊருக்குப் போகிறேன் என்றால் யாரும் கையைப் பிடித்துத் தடுக்கப் போவதில்லை. போகலாம். திரும்பி வர முடியாது.

பிள்ளைகள் இங்கே.

அக்கா அங்கே. அப்பாவைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டவள்.

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றால் நடக்குமா என்று தன்னையே திட்டிக்கொள்வாள். ஆனாலும் அக்காவைப் பார்க்க வேண்டும் போலிருக்கும். சீட்டுக்கு ரெக்ஸின் உறை தைக்கும்போது இருக்கும். சோறு வடிக்கும்போது இருக்கும்.

பாதி வண்டி பார்த்து முடித்திருந்தாள். போன் அடித்தது.

அக்கா. கூடவே ஒரே இரைச்சல்.

“நீ தைச்ச பஸ்ஸில ஏறியிட்டனடி.”

போன மாதம் அனுப்பிய வண்டிகள் அதற்குள் ஓடத் தொடங்கிவிட்டன. அவளுக்குக் கேட்க நினைத்ததெல்லாம் மறந்து போயிற்று.

“இருக்க இடம் கிடைச்சுதோ, அக்கா?”

“ஓம். வல்லை வெளியால போறன். காத்து கேக்குதோ?”

கேட்டது. பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் வழியில், கண்ணுக்கெட்டிய தூரம் மரமே இல்லாத வெளி. அந்தக் காற்றுக்காகச் சின்ன வயதில் இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் கேட்டு அடித்துக்கொள்வார்கள். அம்மா இருவருக்கும் ஆளுக்கொரு குட்டு வைப்பாள். எப்போதும் ஜெயித்தது அக்காதான்.

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது.

நடுவில் கண்டக்டரின் குரல்.

“அம்மா, பையைத் தூக்கிப்போட்டு யன்னல் பக்கம் தள்ளி இருங்கோ. சனம் நிக்குது.”

போன் காதிலிருக்கவே அக்கா சொன்னாள்.

“அதில ஆள் இருக்குத் தம்பி. தங்கச்சி வாறாள்.”