வாடிய குருத்து

நாச்சாள் தன் சோளக்காட்டு முள்படலை அகலத் திறந்து வைத்துவிட்டு, செத்த மாட்டின் கயிற்றை மடியில் போட்டுக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தாள். அறுத்த சோளத்தின் அடித்தூரில் துளிர்த்து, மழையில்லாமல் வாடி நிற்கும் குருத்து மாட்டுக்கு நஞ்சு. அந்த ஊரில் இது தெரியாதவர் இல்லை. தண்ணீர் பாய்ச்சி வளர்ந்துவிட்டால் பயமில்லை என்பதும் தெரியும். போன கோடையில் பக்கத்துக் காட்டுச் செங்கோடன் தன் காட்டுக் குருத்தைக் காட்டி, "ரெண்டு தண்ணி உட்டாச்சு நாச்சா, தைரியமா மேயவுடு" என்றான். ஒருவன் தண்ணீர் விட்டதாகச் சொன்னால் யாரும் மண்ணைக் கிளறிப் பார்ப்பதில்லை. அவளும் பார்க்கவில்லை. மாடு நுரை தள்ளிச் சாய்ந்தபோது, "எனக்கு வண்டித்தடம் உடமாட்டேன்னயே" என்று வேலிக்கு அந்தப்பக்கம் நின்று சிரித்தான்.

இன்று அவனுடைய சினைமாட்டை ஓட்டி வந்தவள், நெல் விளையும் சீமையில் பிறந்த புது மருமகள். சோளத்தைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"மேய விடட்டுமா பெரியம்மா? இவ்வளவு பச்சை கிடக்குதே, உங்க மாடு எங்க?"

நாச்சாள் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள். "உங்க மாமனக் கேளு கண்ணு."

"அதோ, அவங்களே வர்றாங்களே."

தூரத்தில் செங்கோடன், அவிழ்ந்த வேட்டியை ஒரு கையில் பிடித்தபடி, மறுகையை வீசிக் கத்திக்கொண்டு ஓடி வந்தான். எதிர்க்காற்றில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. மாடு படலைத் தாண்டி வந்து, வாடிய குருத்தை மேயத் தலையைத் தாழ்த்தியது.

"என்ன பெரியம்மா சொல்றாங்க?"

"தண்ணி உட்டாச்சான்னு கேக்கறாரு கண்ணு. உட்டாச்சுன்னு கையக் காட்டு."

மருமகள் சிரித்தபடி கையை உயர்த்தினாள்.