மெர்ல் சுட்ட ஐந்து தோட்டாக்கள்

முதல் தோட்டா வெடித்ததும் கோரின், தன் அப்பாவின் விரல்களைத்தான் எண்ணினாள். பத்தும் இருந்தன.

"எவ்வளவு காட்டுது?" என்றார் அப்பா மெர்ல், ரிவால்வரை மணல்மூட்டையிலிருந்து எடுக்காமலே.

குண்டின் வேகத்தைக் காட்டும் சின்னப் பெட்டி மேசைமேல் இருந்தது. அதைப் படித்துச் சொல்வது கோரினின் வேலை. அப்பாவின் எண்பத்துநாலு வயதுக் கண்ணுக்கு, எதிரே நட்டிருந்த வெள்ளை அட்டை தெரிந்தது, அதிலிருந்த வட்டம் தெரியவில்லை.

"எண்ணூத்தி நாப்பத்திரெண்டு."

"நல்லது. நீ அந்தத் தூணுக்குப் பின்னாடியே நில்லு."

மொன்டானாவின் காற்று கோதுமைக் காட்டைத் தாண்டி வந்து மண்மேட்டில் மோதியது. சனிக்கிழமை காலையிலும் சுடுதளத்தில் ஆளில்லை. அதை நிர்வகிக்கும் ராய்ஸ் மட்டும் இருந்தான். கோரின்தான் அவனுக்குப் போன் போட்டு, கட்டாயம் வந்துவிடச் சொல்லியிருந்தாள்.

"கடைத் தோட்டா இல்ல, வீட்டுலயே வெடிமருந்து அடைச்சுக் கெட்டிச்சது," என்று அவனிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். காதடைப்பான் மாட்டியிருந்த மெர்லுக்கு அது கேட்டிருக்காது. "கொஞ்ச நாளா எதுவுமே சரியில்ல ராய்ஸ். போன வாரம் அடுப்பு விடிய விடிய எரிஞ்சிருக்கு. கேட்டா, நான் அந்தப் பக்கமே போகலங்கறார். என் சாவிக்கொத்து ஐஸ்பெட்டிக்குள்ள கிடக்குது. அதுவும் தெரியாதாம்."

ராய்ஸ் பெரியவரின் முதுகைப் பார்த்தான். முப்பது வருடம் வனக்காவலராக இருந்தவர். மான் திருடர்களுக்கு அவர் பெயரைச் சொன்னாலே போதும்.

"ஒரே தோட்டாவுல மருந்து ரெண்டு தடவை விழுந்திருந்தா என்ன ஆகும்?" என்று கேட்டாள் கோரின்.

"துப்பாக்கி வெடிக்கும். கை போகும், கண்ணும் போகலாம்," என்றான் ராய்ஸ். "பயப்படாதீங்க, நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

"உங்கம்மா இடுப்பு ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்களே, எப்படியிருக்காங்க?"

"எந்திரிச்சு நடக்குறாங்க. சமையக்கட்டுல நின்னு என்னை வையிற அளவுக்குத் தேறிட்டாங்க."

இரண்டாவது வெடித்தது. மூன்றாவதும். எண்ணூற்று முப்பத்தேழு, எண்ணூற்று ஐம்பது. கோரினுக்கு மூச்சு கொஞ்சம் இறங்கியது. பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவள், அப்பாவைக் கவனித்துக்கொள்ள வேலையை விட்டுவிட்டு வந்து நாலு வருடமாகிறது. இப்படி ஒரு காலையும் வரும் என்று அவள் நினைத்ததில்லை.

நாலாவது வேறு மாதிரி வெடித்தது. ரிவால்வர் கூரையைப் பார்த்து எகிறியது. கோரின் குனிந்து பெட்டியைப் படித்தாள்.

"ஆயிரத்தித் தொண்ணூறு."

ராய்ஸ், வெடித்த தோட்டாவின் வெற்றுக் கூட்டை உருவி மெர்லின் கையில் வைத்தான். "தடவிப் பாருங்க பெரியவரே. அடிப்பக்கம் சப்பிப்போயிருக்கு. மருந்து எக்கச்சக்கம். இன்னிக்கு இது போதும், கிளம்புங்க."

மெர்ல் கட்டைவிரலால் அதை வெகுநேரம் தடவினார். அவர் முகம் இறுகியது.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு சுட்டுக்கறேன்."

"எதுக்குப்பா இந்தப் பிடிவாதம்?"

"ஒரு தடவை கை தப்பினா, தூக்கக் கலக்கம்னு விட்டுடலாம். ரெண்டாவது தடவையும் தப்பியிருந்தா அது வேற. எனக்கு அது தெரிஞ்சாகணும்."

ஆக, அவருக்கே புரிய ஆரம்பித்துவிட்டது. அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் கோரின் ராய்ஸ் பக்கம் திரும்பி, எதையாவது பேச வேண்டுமென்று பேசினாள். "உங்கம்மாவுக்கு ஆபரேஷன் ஆச்சே, எப்படியிருக்காங்க?"

ராய்ஸ் ஒரு கணம் தயங்கினான். "நல்லா நடக்குறாங்க," என்றான்.

மெர்ல் விசையை அழுத்தினார். வெடிச் சத்தமில்லை. நனைந்த பட்டாசுபோலப் புஸ்ஸென்று ஒரு ஒலி, குழல் வாயில் இழையளவு புகை. பெட்டியில் எண் எதுவும் வரவில்லை. அட்டையில் புது ஓட்டையும் இல்லை.

"அழுத்தாதீங்க," என்று ராய்ஸ் பாய்ந்தான். அதற்குத் தேவையிருக்கவில்லை. மெர்லின் விரல் எப்போதோ விசையைவிட்டு விலகியிருந்தது.

ராய்ஸ் தோட்டாக்களை வெளியே கொட்டிவிட்டு, பித்தளைக் கம்பியைக் குழலுக்குள் விட்டான். பாதி வழியில் இடித்து நின்றது.

"குண்டு நடுவழியில சிக்கியிருக்கு. இந்தத் தோட்டாவுல மருந்தே போடல," என்றான். "இதுக்குப் பின்னாடி இன்னொண்ணு போயிருந்தா…"

கம்பியை உருவி மேசைமேல் வைத்தான்.

கோரின் அப்பாவின் காதடைப்பானைக் கழற்றினாள். அவர் நாற்காலியருகே மண்டியிட்டு உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியதை எத்தனையோ நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள்.

"கோவிச்சுக்காதீங்கப்பா. இனிமே நீங்க மருந்து கெட்டிக்க வேணாம். மருந்து டப்பா, தராசு எல்லாத்தையும் இன்னிக்கே ராய்ஸ்கிட்ட குடுத்துடலாம். திங்கக்கிழமை டாக்டர்கிட்ட போவோம். நானும் கூடவே வர்றேன், பயப்படாதீங்க."

மெர்ல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கைகளாலும் அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டார். அறுபதை நெருங்கும் மகளை அவர் அப்படித் தொட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது.

"எனக்குக் கண்ணு மங்கினதுலேருந்து, மூணு வருஷமா தோட்டாவுக்கு மருந்து நீதானம்மா கெட்டிக்கிறே."