வீட்டில் தங்காத டிரைவர்

“டிரைவரா சேந்து மூணு மாசமாச்சு. இன்னிவரைக்கும் அவரு ஒரு நாள்கூட வூட்டுல வந்து படுக்கலீங்க!” என்றாள் ஆன் மேரி, லாரி ஓனர் காத்தவராயனின் மேசைக்கு முன்னால் நின்றபடி.

காத்தவராயனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேலைக்குச் சேரும்போதே, “வூட்டுல இருக்க நேரம் வேணுங்க” என்று கேட்டவன் அவள் புருஷன் சகாயராஜ். அதனால்தான் பீங்கான் லோடு இறக்கிவிட்டு விருத்தாசலம் திரும்பும் போதெல்லாம், லாரியோடு அவனை வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

“வாரத்துக்கு ரெண்டு நாளு வுடறேனேம்மா! அப்ப எங்க போயிப் படுக்கிறான்?” குரலைத் தணித்தார். “வேப்பூரு பக்கம் ஏதாச்சும் தொடுப்பு...?”

“வேப்பூரா? எங்க வூட்டு வாசல்லதாங்க!”

“வாசல்லயா?”

“உங்க புது லாரியில. கேபின்ல ஏசி இருக்குதுல்ல? வூட்டு ஃபேனு அனலா அடிக்குதாம்.”

காத்தவராயன் நெற்றியில் அடித்துக்கொண்டார். “அதான் டீசலை அந்தக் குடி குடிக்குதா! நான் மெக்கானிக்கை இல்ல திட்டிக்கிட்டிருந்தேன்! இனிமே வண்டி ஷெட்டுலதான் நிக்கும். நீ நிம்மதியாப் போம்மா.”

“ஐயையோ, அப்படிப் பண்ணிடாதீங்க!” பதறினாள் ஆன் மேரி. “புள்ளைங்க ரெண்டும் அவருகூடத்தான் படுக்குதுங்க. எனக்குத்தான் எடமில்ல. கொஞ்சம் பெரிய கேபினா இருக்குற வண்டிய மாத்திக் குடுங்கன்னு கேக்கத்தாங்க வந்தேன்!”