சத்தமில்லாத பிரேக்

பிரேக் கீச்சிட்ட அடுத்த நொடி, கீழ்வீட்டு ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது.

தினமும் ராத்திரி இதே மரியாதைதான். சாய்நாத் முகம் சுண்டிப்போய் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, திருடன் மாதிரி ஓசைப்படாமல் மாடியேறினான். அந்த ஜன்னல் பக்கத்துச் சந்துப் பக்கம் இருந்தது. அதிலிருந்து வாசலோ வண்டியோ தெரியாது. ஆனாலும் வீட்டுக்காரர் தேவானையம்மாவுக்குக் காது மட்டும் அவ்வளவு கூர்மை.

மந்தவெளிக்குக் குடிவந்து ஒரு வருடம் ஆகிறது. வழியில் அந்தம்மாவைப் பார்த்தால் "இன்னா தம்பி", "வரேம்மா" என்பதற்கு மேல் பேச்சு வளர்ந்ததில்லை. தேனாம்பேட்டை ஆபீஸில் எல்லோருக்கும் குடும்பம் இருந்தது, அவரவர் அவசரம் இருந்தது. அம்மா போனபிறகு, சாப்பிட்டாயா என்று அவனைக் கேட்க ஆளில்லை.

அந்த வாரம் ஒருநாள் சாயங்காலம் சிக்னலில் பிரேக் சரியாகப் பிடிக்காமல், தண்ணீர் லாரியை இடிக்காத குறையாக வண்டி நின்றது. வேர்த்துக் கொட்டியது. விழுந்திருந்தால் போலீஸ்காரர் யாருக்குப் போன் செய்வார் என்று யோசித்துப் பார்த்தான். ஒரு பெயர்கூட வரவில்லை. அழுகை வந்தது.

சனிக்கிழமை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு வண்டி ஸ்பேர்ஸ் கடைக்குப் போனான்.

"உன் வண்டிக்கு ரெண்டு தினுசு பிரேக் பேட் கீது சார்," என்றார் கடைக்காரர். "இது ரொம்ப நாள் உழைக்கும், ஆனா கொஞ்சம் கத்தும். இது சீக்கிரம் தேஞ்சிடும், சத்தமே வராது."

"சத்தம் வராததையே குடுங்க."

"மாட்றதுக்கு நம்ம பையன் ஒருத்தன் கீறான், அனுப்பட்டா?"

"வேணாங்க, நானே மாட்டிக்கிறேன். ஞாயித்துக்கிழமை எனக்கு வேற வேலை எதுவும் இல்ல."

ஞாயிறன்று தேவானையம்மா பெரும்பாக்கத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். வாசலில் கோணியை விரித்து, போனில் வீடியோவை ஓடவிட்டு உட்கார்ந்தான் சாய்நாத். வீடியோவில் பேசியவன் "நண்பர்களே" என்று கூப்பிட்டதே அவனுக்கு இதமாக இருந்தது.

போல்ட்டுகளைக் கழற்றிப் பழைய பேட்களை எடுத்தால், வெறும் தகடுதான் மிச்சம். பிஸ்டனை உள்ளே தள்ளி, டிஸ்க்கைத் துடைத்து, புதியதைப் பொருத்தி முடுக்கினான். லீவர் கெட்டிப்படும்வரை அழுத்தி அழுத்திப் பார்த்தான். பிறகு தெருக்கோடிவரை ஒரு நடை போய்வந்து நிறுத்தினான்.

வண்டி சும்மா கும்மென்று நின்றது. சத்தம் என்ற பேச்சே இல்லை. இதைக் காட்டிப் பெருமையடிக்க ஓர் ஆள் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தபடி கையைக் கழுவினான்.

திங்களன்று ஆபீஸில் வேலை இழுத்துவிட்டது. வழக்கத்தைவிடத் தாமதமாகத்தான் வீடு வந்து சேர்ந்தான். வாசலில் வண்டி நின்றது அவனுக்கே கேட்கவில்லை.

கீழ்வீட்டு ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்கவே இல்லை. அப்பாடா, இனி அந்தம்மாவுக்கும் நமக்கும் வம்பில்லை என்று நிம்மதியாகப் படியில் கால் வைத்தான்.

திறந்தே கிடந்த அந்த ஜன்னல் வழியாக, தேவானையம்மாவின் மகன் விக்கி சலித்துக்கொள்வது கேட்டது.

"யம்மா, கொசு புடுங்குது. ஜன்னல சாத்திட்டுப் படேன்."

"எப்டிரா படுக்கிறது? மாடித் தம்பி வண்டி கத்தற சத்தம் இன்னும் கேக்கலியே."

சாய்நாத் படியிலேயே நின்றுவிட்டான்.

"அது எப்பவும் இவ்ளோ நேரம் பண்ணாதுடா. நீ ஒரு எட்டு சிக்னல் வரிக்கும் போய்ப் பாத்துட்டு வா."