ஞாயிற்றுக்கிழமைக்குள் ஏசி

“இது காரா, அடுப்பா? ஏசியைப் போடுன்னா அனலைக் கக்குது!”

முன் சீட்டில் இருந்த அம்மா ஆரம்பித்துவிட்டாள். கடையிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் கார் ஓட்டிய மகனுக்குக் காதில் ரத்தம் வராத குறை.

“கண்ணாடியை இறக்கிக்கலாம் அத்தை.” பின் சீட்டிலிருந்து மருமகள் மெதுவாகச் சொன்னாள். சொல்லும்போதே தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கியும் விட்டாள்.

“இறக்கு, இறக்கு. புழுதியாவது குளிர்ச்சியா வருதான்னு பார்ப்போம்!”

கல்யாணமாகி இரண்டு மாசம்தான். ஞாயிற்றுக்கிழமை மூவரும் மருமகளின் பிறந்த வீட்டுக்குப் போகிறார்கள். ஆறு மணி நேரப் பயணம். இந்த மூஞ்சியோடு அம்மா சம்பந்தி வீட்டு வாசலில் போய் இறங்கினால் என்ன ஆகும்? மாமியாரும் மருமகளும் ஒட்ட வேண்டுமே என்பதுதான் மகனுடைய ஒரே கவலை.

அம்மா லேசுப்பட்ட ஆள் இல்லை. பஸ் டிப்போவில் எலெக்ட்ரிக்கல் பிரிவில் பல வருஷம் குப்பை கொட்டி, அத்தனை பேரையும் அதட்டி வேலை வாங்கி, ஓய்வு பெற்றவள். வெக்கை மட்டும் அவளுக்கு ஆகவே ஆகாது.

சனிக்கிழமை காலையிலேயே காரை மெக்கானிக்கிடம் கொண்டுபோனான்.

“கேஸ் சரியா இருக்கு சார். ஃபேன் சுத்துது. கம்ப்ரசர்தான் ஓடவே மாட்டேங்குது” என்ற மெக்கானிக், பானெட்டுக்குள் இருந்த ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தார். சிரித்துவிட்டார்.

“இங்க ஒரு ரிலே இருக்கணும். இது வழியாத்தான் கம்ப்ரசருக்குக் கரண்ட் போகும். காணோம்.”

“எங்கயாவது விழுந்திருக்குமோ?”

“அது விழற சாமான் இல்ல சார். யாரோ கழட்டியிருக்காங்க.”

புது ரிலே போட்டதும் காற்று சில்லென்று வந்தது. மகனுக்குத்தான் கொதித்தது. ஏசி போட்டால் உடனே கண்ணாடியை இறக்குவது யார்? சாவி இருக்கும் இடம் யாருக்குத் தெரியும்? கூட்டிக் கழித்துப் பார்த்தால் மனைவிதான். மாமியாரை வேகவைத்துப் பார்ப்பதில் அப்படி என்ன சந்தோஷம் இவளுக்கு?

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கத்தினான். “எங்கேம்மா அவ?”

“மாடியில துணி எடுக்கப் போயிருக்கா. ஏன்டா இப்படிக் குதிக்கிற?”

“வேணும்னே ஏசி ரிலேயைக் கழட்டியிருக்காம்மா! உன்னைப் புழுங்க விடணும்னு…”

அம்மா மாடிப்படியை ஒரு தரம் பார்த்தாள். அவன் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“கத்தாதே. கழட்டினது நான்.”

“நீயா?”

“முதல் தடவை கார்ல போனப்போ திரும்பிப் பார்த்தேன்டா. வாயைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கா, கண்ணெல்லாம் தண்ணி. மூடின கார் அவளுக்குக் குமட்டுது. கேட்டா, ‘ஒண்ணுமில்ல அத்தை, நல்லா இருக்கு’ன்னு சிரிக்கிறா. எனக்கு ஏசி இல்லாம ஆகாதுன்னு நீதானே சொல்லி வச்சிருக்க!”

அவனுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. “ஏசியை ஆஃப் பண்ணுன்னு சொல்லியிருக்கலாமேம்மா?”

“சொன்னா, தன்னாலதான் அத்தை வேகுறாங்கன்னு குறுகிப் போயிடுவா. கெட்டுப்போச்சுன்னா யார் மேலயும் பழி இல்ல பாரு.”

“அப்புறம் எதுக்கு என்னை அந்தத் திட்டு திட்டின?”

“திட்டலேன்னா அவளுக்குச் சந்தேகம் வந்துடாதா?” அம்மா கழுத்து வியர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். “போ, அவ இறங்கி வர்றதுக்குள்ள அந்த ரிலேயைக் கழட்டிட்டு வா. நான் கொஞ்சம் படுக்கிறேன். நாளைக்கு ஆறு மணி நேரம் உன்னைத் திட்டணும்ல!”