பூச்சி இல்லாத ஓடை

“ஒரு பூச்சிகூட மிச்சம் இருக்கப்படாது! கல்லப் பொரட்டிப் பொரட்டித் தேயுங்க!”

தலைவர் அழகுமுத்து கரையில் நின்று கத்தினார். தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் ஆண்களும் பெண்களும் வரிந்து கட்டிக்கொண்டு ஓடைக்குள் இறங்கியிருந்தார்கள். தேங்காய்த் தும்பால் கற்களைத் தேய்த்தார்கள். மாவுச் சல்லடையால் தண்ணீரை அரித்தார்கள். இரண்டு பேர் பழைய சேலையை விரித்து, மீன் பிடிப்பதுபோலப் பூச்சி பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

தோட்டத்துக்கு எந்த அதிகாரி வந்தாலும் முதல் நாளே லயத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். ஓடைக்குச் சுண்ணாம்பு அடிக்க முடியாதே, அதனால்தான் இந்தத் தேய்ப்பு.

நாளைக் காலையில் கொழும்பிலிருந்து தண்ணீர்த் திட்டத்து டோரீன் மிஸ் வருகிறார். ஓடையைச் சோதித்து, நல்ல தண்ணீர்தான் என்று அவர் சொல்லிவிட்டால் லயத்து வாசலுக்கே பைப்பு வந்துவிடும். விடிகாலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் குடத்தோடு மேடேறி இறங்குகிற பாடு பெண்களுக்குத் தீரும். மாசி, பங்குனியில் அந்த ஓடை சொட்டுச் சொட்டாகத்தான் ஒழுகும். இருந்தாலென்ன, வாசலில் ஒழுகினால் சௌகரியம்தானே!

“பூச்சியத்தான் பாப்பாங்கன்னு ஒனக்கு நல்லாத் தெரியுமா மீனம்மா?” என்றார் அழகுமுத்து.

“கல்லப் பொரட்டிப் பூச்சி எண்ணுறதுதான் அந்த மிஸ்ஸுக்கு வேலையேண்ணே. சத்தியமா!” என்றாள் மீனம்மா. அவள்தான் இந்தச் சேதியை லயத்துக்குக் கொண்டுவந்தவள்.

பொழுது சாய்வதற்குள் மூன்று வாளி நிறைந்துவிட்டது. வால் முளைத்தது, கூடு கட்டியது, நண்டுக் குஞ்சு என்று எல்லாம் நெளிந்தன.

“கரையில கொட்டிருவமா?”

“ஐயோ, அதுகளும் உசுருதானே அண்ணே. பங்களா ஓடையில விட்டுருவோம்” என்றாள் மீனம்மா.

எல்லோருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தோட்டத்துத் துரை குடிக்கும் பங்களா ஓடை காட்டிலிருந்து வருகிறது. லயத்துக் குடம் அதில் பட்டால் காவல்காரன் நாயை அவிழ்த்துவிடுவான்.

“அப்பிடிப் போடு! பூச்சித் தண்ணிய தொரை குடிக்கட்டும்!” அழகுமுத்துவுக்கு வாயெல்லாம் பல். காவல்காரன் தேநீர் குடிக்கப் போன நேரம் பார்த்து மூன்று வாளியும் அங்கே கவிழ்ந்தன.

மறுநாள் டோரீன் மிஸ் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு ஓடையில் இறங்கினார். சீசாவில் தண்ணீர் மொண்டு மருந்துச் சொட்டு விட்டுப் பார்த்தார். கற்களைப் புரட்டினார், சின்ன வலையால் அரித்து வெள்ளைத் தட்டில் கொட்டினார். தட்டு வெறுமையாகவே இருந்தது.

“ஒண்ணுமே இல்லையே?”

“இருக்காதுங்க மிஸ்!” அழகுமுத்து நெஞ்சை நிமிர்த்தினார்.

“கல்லெல்லாம் தேச்சுக் கழுவின மாதிரி இருக்கே?”

அழகுமுத்து பெருமையோடு வாயைத் திறப்பதற்குள் மீனம்மா முந்திக்கொண்டாள். “மேல நல்ல மழைங்க மிஸ். அடிச்சிக்கிட்டு வந்த தண்ணி.”

மலைநாட்டில் மழை என்றால் யார்தான் மறுப்பது? மிஸ் தலையாட்டிவிட்டுப் பங்களா ஓடைக்கு நடந்தார். ஒப்பிட்டுப் பார்க்க அதையும் சோதிக்க வேண்டுமாம். கூட்டமும் பின்னாலேயே போனது.

அங்கே வலையை ஒருமுறை போட்டதற்கே வெள்ளைத் தட்டு புழுபுழுவென்று நெளிந்தது. அழகுமுத்து பக்கத்திலிருந்தவரின் விலாவில் இடித்தார். “தொரை வீட்டுத் தண்ணியப் பாத்தியா?”

மிஸ் கையைத் துடைத்துக்கொண்டு கரையேறினார்.

“லயத்து ஓடையில பைப்பு போட முடியாது.”

“மிஸ்! அதுல ஒரு பூச்சிகூட இல்லீங்களே!”

“அதுதான் கோளாறே. சீசாவுல தண்ணி நல்லாத்தான் தெரியுது. ஆனா அது இன்னைக்குத் தண்ணி. இந்தப் பூச்சிங்க வருசம் பூரா அதுக்குள்ள வாழுறது. தண்ணி கெட்டா மொதல்ல சாகுறது இதுங்கதான். எவ்வளவு மழை அடிச்சாலும் கொஞ்சமாவது மிஞ்சும். ஒண்ணுகூட இல்லேன்னா தேயிலைக்கு அடிக்கிற மருந்து எப்பவோ கலந்திருக்கணும். அதப் புள்ளைங்களுக்குக் குடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.”

அழகுமுத்து அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

“அப்ப எங்களுக்குப் பைப்பே இல்லீங்களா மிஸ்?”

“ஏன் இல்ல? பங்களா ஓடையில எவ்வளவு உசுருங்க, பாத்தீங்கதானே? அருமையான தண்ணி. அதுலேருந்தே லயத்துக்கு இழுத்துருவோம். பைப்புக்குக் காசு குடுக்கிறது நாங்க. தொரைகிட்ட நானே பேசுறேன்.”

ஒரு நிமிடம் யாராலும் நம்ப முடியவில்லை. பிறகு பெண்கள் குலவை போட்டார்கள். மாசியிலும் வற்றாத பங்களாத் தண்ணீர் லயத்து வாசலுக்கு! சந்தோஷத்தில் ஒருத்தி மிஸ்ஸின் ஈரக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஜீப் போனதும் அழகுமுத்து மீனம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

“ஒம் பேச்சக் கேட்டுக் குடி கெட இருந்திச்சு! ஏதோ சாமி புண்ணியத்துல தப்பிச்சோம். பூச்சி இருந்தாத்தான் நல்ல தண்ணின்னு நமக்கு எங்க தெரியும்?”

மீனம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

“ஒங்களுக்குத் தெரியாதுண்ணே. போன மாசம் வட்டவளையில எங்கக்கா லயத்துக்கு இந்த மிஸ்ஸு வந்தப்ப நான் கூட்டத்துல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், அங்கயும் பூச்சி நெறைஞ்ச ஓடையிலேருந்துதான் பைப்பு போட்டாங்க!”