திரையில் தெரியாத வரி

நிறுவனத்தில் எல்லோரும் சேர்ந்து எழுதித் திருத்தும் விக்கி தளத்தில் ‘வெற்று’ என்றொரு டெம்ப்ளேட் உண்டு. அதற்குள் எதை எழுதினாலும் பக்கத்தில் ஒன்றுமே தெரியாது. ‘தொகு’ பொத்தானை அழுத்தினால்தான் தெரியும். சலவை இயந்திரங்களுக்குக் கையேடு எழுதும் அவளுக்கு அது பெரிய வசதி. மேலாளர் ஒவ்வொரு முறை திருத்தும்போதும், மனதில் பட்டதை அதற்குள் கொட்டிவிடுவாள்.

வேலை நிரந்தரமாகுமா என்று தெரியவேண்டிய நாளில் மேலாளர் அழைத்தார். அவர் திரையில் ‘தொகு’ பக்கம் திறந்திருந்தது. 

“‘இந்த மனுஷனுக்கு மூடியைத் திறக்கச் சொல்லவே மூணு பத்தி வேணும்.’ இது நீ எழுதினதாம்மா?”

“சார்... வெளியில தெரியாதேன்னு...”

“நாப்பது பக்கத்துலயும் படிச்சேன். முக்காவாசி நியாயம்தான். உன் நிரந்தர உத்தரவுல கையெழுத்துப் போட்டுட்டேன்.”

போன உயிர் திரும்பியது. “நன்றி சார்! எல்லாத்தையும் இப்பவே அழிச்சிடறேன்.”

“உன்னுது இருக்கட்டும். முதல் பக்கத்துல ‘சிடுமூஞ்சிக்கு வேற வேலையே இல்ல’ன்னு ஒண்ணு இருந்துச்சு. அதை மட்டும் அழிச்சிட்டேன்.”

“சத்தியமா அது நான் எழுதல சார்!”

“தெரியும்,” மேலாளர் குரலைத் தாழ்த்தினார். “உன் நாற்காலியில உக்காந்திருந்தப்போ அந்த டெம்ப்ளேட்டை உண்டாக்கினதே நான்தான். அப்போ என்னைத் திருத்தின அந்தச் சிடுமூஞ்சி இப்போ நம்ம டைரக்டர். நாளைக்கு விக்கி கத்துக்க வர்றார்.”